மீசை மிஸ்

அழட்டும் உடுங்க அம்மிணி. வாயைப் பொத்தாதீங்க. பொத்துனா எச்சாத்தான் அழுகும். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. நான் முப்பத்தொரு புள்ளைங்க ஒரே ரூமுக்குள்ள ஒரே நேரத்துல அழுது பாத்தவன். இது ஒண்ணுதானுங்களே.

மொட்டைக்குங்களா, பழனிக்கு? சரிதான். முன்னால சீட்டுல தூங்கறது ஊட்டுக்காரருங்களா? தூங்கட்டும், தூங்கட்டும். நீங்க இப்பிடி ஜன்னலோரம் நகந்து உக்காருங்க. வெளிய பாத்தான்னா கொஞ்சம் அமருவான். பேரென்ன வெச்சிருக்கறீங்க? தக்ஷித்தா? இந்த மாதிரிப் பேரெல்லாம் எனக்கு இப்பப் பழகிப் போச்சுங்க. எங்க கிளாசுல தன்விகா, தன்ஷிகா, தனுஷிகான்னு மூணு இருந்துச்சு. ஒண்ணைக் கூப்புட்டா மூணும் எந்திரிச்சு வரும். மூணையும் கூப்புட்டா ஒண்ணும் வராது.

எல்.கே.ஜி. வாத்தியாரான்னு கேக்கறீங்க. மீசையைப் பாத்துட்டுத்தான் கேக்கறீங்க, தெரியுது. இல்லீங்க. நான் பி.டி. மாஸ்டர். தாராபுரத்துல ஒரு மெட்ரிகுலேசன் ஸ்கூலுல பத்தொம்பது வருசமா இருக்கறேன். சென்னியப்பன்னு பேரு. ஆனா பேரு ஆருக்கும் தெரியாது, பி.டி. சாருன்னாத்தான் தெரியும். என்ற வண்டி கேட்டுக்குள்ள நுழையற சத்தம் வந்தாப் போதும், பத்தாவது பசங்க சட்டையை இன் பண்ணிக்குவானுங்க. பயமில்லீங்க, மருவாதி. ரெண்டும் வேற. என்ற பொண்ணு கோயமுத்தூருல காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கறா. போன் பண்ணுவா, நான் எடுத்தன்னா "அம்மா இல்லீங்களா"ம்பா. ஒரு வார்த்தை எச்சாப் பேச மாட்டா. அப்பிடி வளத்திருக்கறேன்.

இந்த வருசம் ஜூன் மாசம் ஸ்கூலு தொறந்து நாலாம் நாளு, எல்.கே.ஜி. பி செக்ஷன் ரெஜினா மிஸ் பாத்ரூமுல வழுக்கி உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. மூணு மாசம் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்புட்டாரு. "சென்னியப்பன், நீங்க கொஞ்ச நாளைக்குக் கிரவுண்டுக்கு வர வேண்டாம். எல்.கே.ஜி. பி-யைப் பாத்துக்குங்க"ன்னாரு.

"ஏனுங்க சார், நானுங்களா?"

"பாத்துக்குங்க."

அவ்வளவுதான். பைலைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் என்ன நெனைச்சேன்னா, அவருக்கு என்ற மேல அப்பிடி ஒரு நம்பிக்கை. முப்பத்தொண்ணையும் கட்டி மேய்க்க ஒரு ஆம்பளை வேணும்னு நெனைச்சிருப்பாரு. மார்ச் மாசத்துல கிரவுண்டுல ஒரு சின்னப் பிரச்சனை ஆச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. ஒம்பதாவது பையன் ஒருத்தனை லேசாத் தட்டுனேன். அதை உடுங்க.

மொத நாளு உள்ள போறேன். ஒரே கூச்சல். ஒருத்தன் மேசை மேல, ஒருத்தி ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு "அம்மா"ன்னு ரோட்டைப் பாத்துக் கத்தறா, நாலு பேரு ஒரே பொம்மையை இழுக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானுங்க. விசிலை எடுத்து ஊதுனேன். ஆயிரத்தி நூறு புள்ளைங்க அசெம்ப்ளியில அந்த விசிலுக்கு மூச்சுக் காட்டாம நிக்கும்.

ஒரு நிமிசம் அமைதி. நானும் பரவால்லயேன்னு நெனைச்சேன். அப்பறம் முப்பத்தொண்ணும் ஒண்ணா ஆரம்பிச்சுது பாருங்க! மூணு பேரு நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டாங்க. ஆயா மாராத்தாக்கா ஓடியாந்தாங்க. "சார், சாமி, அதைக் கொண்டுக்கிட்டுப் போயி அக்கட்டால வெய்யுங்க"ன்னாங்க. அன்னிக்கு மேசை டிராயருக்குள்ள போட்ட விசிலுதான்.

அப்பறம் இந்த "மிஸ்"ஸுங்க. அதுங்களுக்கு ஸ்கூலுல பெரியவங்கன்னா மிஸ்ஸுதான். நான் நின்னு சொல்றேன், "நான் மிஸ் இல்ல. சார். எங்க, எல்லாரும் சொல்லுங்க, சார்."

"சா…ர்."

"வெரி குட். உன்ற பேரென்ன?"

"தன்ஷிகா, மிஸ்."

ஒரு வாரம் போராடுனேன். "சார் மிஸ்"னு ஆச்சு. அதுக்கு அடுத்த வாரம் ஒருத்தன் "மீச மிஸ்"ன்னான். அவ்வளவுதான், முப்பத்தொண்ணும் புடிச்சுக்கிச்சு. மீச மிஸ், மூக்கு ஒழுகுது. மீச மிஸ், இவன் என்னைப் பாத்தான். கரஸ்பாண்டன்ட்கிட்டச் சொன்னேன். "கூப்புட்டுட்டுப் போகட்டும் உடுங்க"ன்னுட்டாரு.

நீங்க சிரிக்கறீங்க. அதெல்லாம் எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும், ஒண்ணை வெச்சுக்கிட்டே இந்தப் பாடு படறீங்க. பத்தரை மணிக்கு ஸ்நாக்ஸ் டைமுன்னு ஒண்ணு. முப்பத்தொரு டப்பா. ஒண்ணைத் திருகோணும், ஒண்ணை அமுத்தோணும், ஒண்ணுல நாலு பக்கமும் கொக்கி. நான் யூனிவர்சிட்டி அளவுல கபடி ஆடுனவனுங்க. குதிரைப் படம் போட்ட ஒரு டப்பாகிட்டத் தோத்தேன். தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு இழுக்கறேன், வருவனாங்குது. அந்தப் புள்ள பொறுமையா நின்னு பாத்துட்டு, "எங்கம்மா ஒரு கையிலயே தொறப்பாங்க, மிஸ்"னுச்சு. கடைசியா மாராத்தாக்கா வந்து ஒரு தட்டுத் தட்டுனாங்க, தொறந்துக்கிச்சு. உள்ள ரெண்டே ரெண்டு திராட்சை.

ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். வரிசையில கூட்டிட்டுப் போகோணும். எனக்குப் பாட்டு வராதுங்க. ரெஜினா மிஸ்ஸெல்லாம் பாட்டுப் பாடித்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். நான் லெப்ட் ரைட் சொன்னேன். அது புடிச்சுப் போச்சு அதுங்களுக்கு. டவுசரைப் புடிச்சுக்கிட்டு லெப்ட் ரைட், லெப்ட் ரைட்டுன்னு கக்கூசுக்குப் போவாங்க. ஒரு நாளு எதுக்கால கரஸ்பாண்டன்ட் வந்துட்டாரு. நிறுத்தத் தெரியாம முப்பத்தொண்ணும் அவரு கால் மேலயே ஏறிப் போயிருச்சு.

யானை வரைஞ்சேன். குழாய்ன்னாங்க. ஊட்டுச் சேதியெல்லாம் வந்து கொட்டுவாங்க. "எங்க மாடு கன்னு போட்டுச்சு மிஸ். அம்மா எல்லாத்துக்கும் சீம்பால் குடுத்தாங்க. மிஸ்ஸுக்குக் குடுக்கலாமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க." நான் என்னத்தைச் சொல்றது? சரி சாமின்னேன்.

இதுல ஒருத்தன் இருந்தான். மிதிலன்னு பேரு. மூணரை வயசு. ஊதாங்குழலாட்ட ஒல்லியா இருப்பான். மொத நாளு விசிலு ஊதுனப்ப முப்பத்தொண்ணும் அழுதுச்சுன்னு சொன்னனுங்களே, அப்பறம்தான் தெரிஞ்சுது, இவன் மட்டும் அழுகல. மேசைக்கு அடியில பூந்துக்கிட்டான். சாயங்காலம் வேனுக்குத் தாட்டி உடறப்பத்தான் ஒருத்தன் கொறையறான்னு தெரிஞ்சு, தேடிப் புடிச்சு வெளிய இழுத்தேன். பேச மாட்டான். பேரு கேட்டாலும் பேச மாட்டான். ஆனா என்னை உடவே மாட்டான். என்ற பேண்டுப் பாக்கெட்டுக்குள்ள கையை உட்டுக்குவான். நான் போர்டுகிட்டப் போனா அவனும் வருவான். ஜன்னலுகிட்டப் போனா ஜன்னலுக்கு வருவான். பாக்கெட்டுல சாவி எடுக்கறதுன்னாலும் அவன்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் எடுக்கோணும்.

எதுக்கு என்னைப் புடிச்சுக்கிட்டான்னு தெரியலீங்க. அந்த ரூமுல நாந்தான் பெருசா இருந்தேன், அதனாலயோ என்னமோ. மாராத்தாக்காகூடச் சொன்னாங்க, "எத்தனை மிஸ்ஸைப் பாத்துட்டேன், இப்பிடி ஒட்டுனதைப் பாத்ததில்லீங்க சார்"னு.

ஒரு நாளு மத்தியானம் என்ற மடியிலயே தூங்கிட்டான். நாப்பது நிமிசம். காலு மரத்துப் போச்சு. அப்பப் பாத்துக் கரஸ்பாண்டன்ட் உள்ள வர்றாரு. பத்தொம்பது வருசத்துல அவரு முன்னாடி நான் எந்திரிக்காம உக்காந்திருந்தது அன்னிக்குத்தானுங்க. வாயில வெரலை வெச்சு "உஷ்ஷ்"னு வேற காட்டிட்டேன். மொதலாளிகிட்ட! அவரும் சத்தமில்லாமத் திரும்பிப் போனாரு.

ஜூலை மாசம். சுவத்துல பழங்க படம் போட்ட சார்ட்டு ஒண்ணு தொங்கும். அதை எடுக்கறதுக்குக் கையைத் தூக்கறேன். பாக்கெட்டுல இருந்த கையி காணோம். குனிஞ்சு பாத்தா, மிதிலன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கறான். தோளு ரெண்டும் காதுக்கு ஏறியிருக்குது. கையை எறக்குனேன். அவனும் எடுத்தான். மறுக்காத் தூக்குனேன். பொத்திக்கிட்டான். மூணு வாட்டி பண்ணிப் பாத்தேன். பண்ணியிருக்கக் கூடாது. ஆனா பண்ணிப் பாத்தேன்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஊட்டுல அப்பன் அடிக்கறவனாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். குடிகாரனா இருப்பான். இத்தனூண்டு புள்ளையை அடிக்கறவனெல்லாம் ஒரு மனுசனாங்க? கையை ஒடிக்கோணும். அவன் டைரியை எடுத்து, நாளைக்கு அப்பா வந்து பாக்கவும்னு எழுதறதுக்குப் பேனாவைத் தொறந்துட்டேன்.

எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை அவனைக் கேக்கலாம்னு மடியில உக்கார வெச்சேன். "சாமி, ஆரு உன்னை அடிக்கறது? அப்பாவா?"

தலையை ஆட்டுனான், இல்லைன்னு.

"அம்மாவா?"

இல்லை.

"பொறகு ஆரு சாமி? மிஸ்கிட்டச் சொல்லு. மிஸ் பாத்துக்கறேன்." நானே மிஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டேன் பாருங்க, அன்னிக்குத்தான் மொதல்ல.

என்ற காதுகிட்ட வாயைக் கொண்டாந்தான். அவன் பேசி நான் கேட்ட மொத வார்த்தைங்க அது. "பி.டி. சார்"ன்னான்.

எனக்கு ஒண்ணும் ஓடல. "பி.டி. சார் உன்னை அடிச்சாரா?"

"என்னை இல்ல. யுகி அண்ணனை. காதுல அடிச்சாரு. அண்ணன் காதுல ரத்தம் வந்துச்சு. அம்மா அழுதாங்க."

அவனே சொன்னான். "பி.டி. சார் இந்த ஸ்கூல்லதான் இருக்கறாரு. ஆராச்சும் கையைத் தூக்குனா காதைப் பொத்திக்கோன்னு அண்ணன் சொல்லிக் குடுத்தான். நீயும் பொத்திக்கோ மிஸ்."

யுகேந்திரன். அந்த ஒம்பதாவது பையன். இவன் அவனுக்குத் தம்பி. பத்துப் பதினோரு வருசம் கழிச்சுப் பொறந்தவன். எனக்கு எப்பிடித் தெரியும்? மூஞ்சி ஒரே மூஞ்சிதான், இப்பப் பாத்தா. அந்தப் பையனை மார்ச்சோட கவருமெண்டு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. சின்னவனை மட்டும் இங்க சேத்திட்டாங்க, அவிய ஊருக்கு வேன் வர்றது எங்க ஸ்கூலு ஒண்ணுதான், அவிய அம்மாவும் அப்பாவும் மில்லுக்கு ஷிப்ட்டுப் போறவங்க. அவங்கம்மா ஆபீசுல வந்து கத்துனப்பக் கரஸ்பாண்டன்ட் வாக்குக் குடுத்திருக்கறாரு, அந்த ஆளு இனிமேக் கிரவுண்டுல இருக்க மாட்டாருன்னு. வாக்கைக் காப்பாத்திட்டாருங்க. கிரவுண்டுல நான் இல்லை. எல்.கே.ஜி. பி-யில இருக்கறேன். டைரியில கிளாஸ் டீச்சருன்னு ரெஜினா மிஸ் பேருதான் இருக்குது. அவங்கம்மாளுக்கு எங்க தெரியப் போகுது?

லேசாத் தட்டுனேன்னு சொன்னனுங்களே. ஒரு அறைதானுங்க. அசெம்ப்ளியில கொடிக்குச் சல்யூட் அடிக்கறப்ப ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு. திரும்பிப் பாத்தேன், அவன் நின்னான். அறைஞ்சேன். அவன் காதுல ஏற்கனவே சளி கோத்திருக்கும், இல்லாட்டி ஒரு அறைக்கு ஜவ்வு கிழியுங்களா? டாக்டரு எழுதிக் குடுத்துட்டாராம். டாக்டரு என்னத்தை வேணும்னாலும் எழுதுவாரு.

அன்னிக்கு டைரியை மூடி வெச்சுட்டேன்.

அதுக்கப்பறம் அவன் பேச ஆரம்பிச்சுட்டானுங்க. வாயே மூடறதில்லை. கிரேயான் எடுத்து ஒரு நாளு ஒரு படம் வரைஞ்சு கொண்டாந்தான். பெரிய வட்டம், அதுக்குள்ள பல்லு. வட்டத்துல இருந்து நாலு கோடு.

"இது ஆரு சாமி?"

"பி.டி. சார்."

"இது என்ன, காலா?"

"கையி."

"நாலு கையா?"

"அண்ணன் சொன்னான், எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலன்னு. நாலு கையி இருக்கும்."

ரெண்டு அறைங்க. ரெண்டும் எடது பக்கம்தான். ஒண்ணு அறைஞ்சு, அவன் என்னமோ பேச வந்தான், எதுத்துப் பேசறான்னு இன்னொண்ணு. உள்ளதைச் சொல்லிடறேன். உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்குது, பழனியில எறங்குனா நீங்க ஆரோ நான் ஆரோ.

அந்தப் படத்தை மத்த புள்ளைங்க படத்தோட சுவத்துல ஒட்டச் சொல்லி ஒரே அடம். ஒட்டுனேன். நானே கையைத் தூக்கி ஒட்டுனேன். கையைத் தூக்கறதுக்கு முந்தி, "மிஸ் படம் ஒட்டத்தான் தூக்கறேன் சாமி"ன்னு சொல்லிட்டுத்தான் தூக்குவேன். மூணு மாசமும் அப்பிடித்தான். ஃபேன் போடறதுக்குச் சொல்லோணும், போர்டு அழிக்கறதுக்குச் சொல்லோணும்.

"பி.டி. சார் வந்தா நீ அடிப்பியா மிஸ்?"ம்பான்.

"அடிப்பேன்."

"என்னை ஒளிச்சு வெப்பியா?"

"வெப்பேன்."

"எங்க?"

"பாக்கெட்டுக்குள்ள."

அப்பிடிச் சிரிப்பான் பாருங்க, பல்லெல்லாம் தெரிய.

நான் என்ன செய்யறது சொல்லுங்க. நாந்தான் சாமி அதுன்னு சொல்லலாமுங்களா? மூணரை வயசு. எப்பிடிச் சொல்றது? ஸ்டாப் ரூமுல போயி எல்லார்த்துகிட்டயும் கையெடுத்துக் கும்புட்டேன், எல்.கே.ஜி. பக்கம் வந்தா என்னைப் பி.டி. சாருன்னு கூப்புடாதீங்கன்னு. எதுக்குன்னு கேட்டாங்க. சொல்லலை. மாராத்தாக்கா மட்டும் எதும் கேக்கல. அடுத்த நாள்ல இருந்து, "மிஸ்ஸு, தண்ணி கொண்டாரட்டுங்களா"ன்னு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. சிரிக்கட்டும். நான் சண்டை போட்டு வாங்குன சாரு, நானே வேண்டாம்னு குடுத்துட்டேன்.

ஆகஸ்டுல ஒரு நாளு, பத்தாவது பையன் ஒருத்தன் சர்க்குலர் எடுத்துக்கிட்டு வாசப்படியில வந்து நின்னான். நல்ல ஒசரம். "எக்ஸ்க்யூஸ் மீ, பி.டி. சார்"ன்னான். பாக்கெட்டுக்குள்ள அந்தக் கையி அப்பிடியே கல்லாட்ட ஆயிருச்சுங்க. துணிக்குள்ள என்ற தொடையைப் புடிக்கறான், நகம் பதியுது.

நான் சொன்னேன், "பி.டி. சார் இங்க இல்லப்பா."

அவன் என்னைப் பாக்கறான். நான் அவனைப் பாக்கறேன். நாலு வருசமா என்னைத் தெனமும் பாக்கறவன்.

"பி.டி. சார் லீவு. நீ போ"ன்னேன்.

"சரிங்க… சார்"னுட்டுப் போனான். பைத்தியம் புடிச்சிருச்சுன்னு போயிச் சொல்லியிருப்பான். சொல்லட்டும். மிதிலன் எட்டிப் பாத்துட்டு, "போயிட்டாரா?"ன்னான். போயிட்டாரு சாமின்னேன். "நீ தொரத்திட்டியா?"ன்னான். ஆமான்னேன்.

செப்டம்பருல காலாண்டுப் பரீட்சை லீவு உடற அன்னிக்கு, அவிய ஊரு வேனு ரிப்பேரு. ஊட்டுக்குப் போன் பண்ணி ஆளு வரச் சொல்லியாச்சு. எல்லாப் புள்ளைங்களும் போயிருச்சு. நானும் மிதிலனும் மட்டும் வராந்தாவுல உக்காந்திருக்கறோம். ஆயா மிச்சம் வெச்ச பிஸ்கெட்டை ரெண்டு பேரும் திங்கறோம். மில்லுல இருந்து அவங்கப்பா வருவாரு, என்னத்தைச் சொல்லுவாரோன்னு கேட்டையே பாத்துக்கிட்டு இருக்கறேன். அப்பன் வரலீங்க. சைக்கிளு ஒண்ணு வந்துச்சு.

அவன்தான். யுகேந்திரன். கவருமெண்டு ஸ்கூலு யூனிபார்முல. ஒரு சாண் வளந்திருக்கறான், லேசா மீசை அரும்பியிருக்குது. சைக்கிளை நிறுத்திட்டு வர்றான், என்னைப் பாத்துட்டான். நின்னுட்டான். தம்பி கையி என்ற பாக்கெட்டுக்குள்ள இருக்கறதைப் பாக்கறான்.

நான் எந்திரிச்சேன். கையி ரெண்டையும் எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. பொறகால கட்டிக்கிட்டேன், ஸ்கூலு பையனாட்ட. "எப்பிடிப்பா இருக்கறே?"ன்னேன்.

அவன் தலையைத் திருப்பி வலது காதை என்ற பக்கம் காட்டுனான். "ஆங்?"ன்னான்.

வேணும்னு செய்யலீங்க. பழக்கமா வந்துச்சு அது. இப்பெல்லாம் ஆரு பேசுனாலும் அப்பிடித்தான் திரும்புவான்னு பாத்தாலே தெரிஞ்சுது. நான் மறுக்காக் கேக்கல. என்னால முடியல.

சின்னவன் குதிக்கறான். "அண்ணா, அண்ணா, இதுதான் எங்க மீச மிஸ்! நான் சொன்னனில்ல? பி.டி. சார் வந்தா மிஸ் அடிச்சுத் தொரத்திருவாங்க. ஒரு வாட்டி தொரத்திட்டாங்க!"

அம்மிணி, நான் அப்பிடியே நிக்கறேன். அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இவர்தாண்டா அதுன்னு ஒரு வார்த்தை. சொல்றதுக்கு அவனுக்கு உரிமை இருக்குது. நானா இருந்தாச் சொல்லியிருப்பேன்.

அவன் தம்பியையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பறம் என்னைப் பாத்தான். ரொம்ப நேரமில்லீங்க, ஆனா எனக்கு ரொம்ப நேரம்.

"சரி, பேக்கை எடு"ன்னான் தம்பிகிட்ட. எடுத்து அவன் தோளுல மாட்டி உட்டான். சைக்கிளுல முன்னால உக்கார வெச்சான். "மிஸ்ஸுக்கு டாட்டா சொல்லு"ன்னான். சின்னவன் ரெண்டு கையிலயும் டாட்டா காட்டறான். பெரியவன் காலை ஊனிக்கிட்டு, என்னைப் பாத்து, "வர்றமுங்க மிஸ்"ன்னுட்டு மிதிச்சுட்டான்.

நக்கலாச் சொல்லலீங்க. நக்கலாச் சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. பத்தொம்பது வருசமா எத்தனை நக்கல் பாத்திருக்கறேன். தம்பிக்காகச் சொன்னான். பதினஞ்சு வயசுப் பையன்.

சாரி சொல்லியிருக்கலாம். தோணுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. பத்தொம்பது வருசமாப் புள்ளைங்களை முட்டி போட வெச்சு சாரி சொல்லு, சாரி சொல்லுன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். நான் சொல்லிப் பழகலை. சொன்னாலும் எந்தக் காதுல சொல்றது? சைக்கிளு கேட்டைத் தாண்டிப் போயிருச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கு அசெம்ப்ளியில சிரிச்சது அவன் இல்லையாம். பின்னால நின்ன பையனாம். அவன் அதைத்தான் சொல்ல வந்தான். சொல்றப்பத்தான் ரெண்டாவது அறை. இது எனக்கு அடுத்த வாரமே தெரியுங்க. சிரிச்ச பையனே வந்து சொன்னான். நான் அவனைப் போடான்னு தொரத்தி உட்டுட்டேன்.

தூங்கிட்டானா? தலையை இப்பிடித் தோளுல சாச்சுக்குங்க, கழுத்து வலிக்கும். ம்.

அப்பறம் என்னன்னு கேக்கறீங்களா? லீவு முடிஞ்சு ரெஜினா மிஸ் வந்துட்டாங்க. குச்சி ஊனிக்கிட்டு வந்தாங்க. கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்புட்டு, "பிரச்சனை ஆறிப் போச்சு, கிரவுண்டைப் பாருங்க"ன்னாரு. இத்தனை நாளு இதுக்குத்தானே காத்திருந்தேன். சந்தோசம் வரலீங்க. எல்.கே.ஜி. பிளாக்கு தனியா அக்கட்டால இருக்குது. நான் அந்தப் பக்கம் தலைகாட்டறதே இல்லை. மீச மிஸ் எங்கன்னு அவன் கேக்கறானாம். ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறாங்க மாராத்தாக்கா. எப்ப வருவாங்கன்னு தெனமும் கேக்கறானாம்.

ஆனா டைம் டேபிள்னு ஒண்ணு இருக்குதுங்களே. வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு எல்.கே.ஜி. பி-க்குப் பி.டி. பீரியடு. முப்பத்தொண்ணும் லைனுல கிரவுண்டுக்கு வரும், பி.டி. சாரைப் பாக்கறதுக்கு.

நீங்க சொல்றது சரிதானுங்க. என்னைப் பாத்தாச் சந்தோசப்படுவான். ஓடி வருவான். நேரா வந்து பாக்கெட்டுக்குள்ளதான் கையை உடுவான். அப்ப கிரவுண்டுல இருக்கற எவனாச்சும் ஒருத்தன் "பி.டி. சார்"னு கூப்புடுவானே. ஆயிரத்தி நூறு பேரு. ஆயிரத்தி நூறு பேரு வாயையும் நான் மூட முடியுங்களா? கூப்புட்டா அவன் சுத்திமுத்தியும் பாப்பான், எங்கன்னு. அப்பறம் நிமுந்து என்னைப் பாப்பான்.

அதை மட்டும் என்னால நெனைக்க முடியலீங்க.

அதான் மூணு வெள்ளிக்கிழமையா அர நாள் லீவு போட்டுட்டு இந்த பஸ்ஸுல ஏறிக்கறேன். சாமி கும்புட இல்லீங்க. மலை ஏறறதும் இல்லை. சும்மா பழனி வரைக்கும் போவேன், ஒரு டீ குடிப்பேன், திரும்பிருவேன். ஊட்டுல கேட்டா ஸ்கூலு வேலைன்னு சொல்லியிருக்கறேன். இன்னியோட லீவெல்லாம் தீந்து போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க. நெசமாத் தெரியலை. நீங்க எதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்ன சொல்லுவீங்க பாவம், மொட்டைக்குப் போறவிய.

மணி என்னங்க ஆச்சு? பதினொன்னரையா? அப்பப் பீரியடு முடிஞ்சுது. இந்நேரம் லைனுல கிளாசுக்குத் திரும்பியிருப்பாங்க.

பழனி வந்துருச்சு. ஊட்டுக்காரரை எழுப்புங்க. பையை நான் எறக்கித் தர்றேன், நீங்க புள்ளையைப் புடிங்க. எனக்குங்களா? மத்தியானம் எட்டாவதுக்குக் கபடி இருக்குது. எதுத்தாப்புல நிக்கற பஸ்ஸைப் புடிச்சு, ஏறுன எடத்துக்கே போகோணும்.